ஏடிசி தவறினால் சாதனம் முழுவதும் விழ வேண்டுமா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் எழுதும் லினக்ஸ் டிரைவர் ஒரே யுஎஸ்பி சாதனத்தில் உள்ள ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு உள்ளீடு-வெளியீட்டுப் பின்கள்), ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இருகம்பி இணைப்பு), ஏடிசி (அனலாக் மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றுவது) மூன்றையும் கையாள்கிறது. சில சாதனங்களில் ஏடிசி தொடங்கும்போதே பிழை வருகிறது. சாதனத்தைச் செருகியதும் லினக்ஸின் மையமான கர்னல் கூப்பிடும் ப்ரோப் ஃபங்ஷன் பிழையைத் திருப்பினால் மற்ற இரண்டும் கிடைப்பதில்லை. பிழையைக் கண்டுகொள்ளாமல் பூஜ்யம் (வெற்றி என்று பொருள்) திருப்பினால் எல்லாம் ஓடுகிறது, ஆனால் கேபிளைக் கழற்றியதும் கர்னல் விழுகிறது. எது சரி?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏடிசி இல்லாமல் ஐ2சி வேலை செய்யும் என்றால் அதை ஓட விடுவதுதான் சரி. ஆனால் எது தவறியது என்று எங்கேயும் குறித்து வைக்காமல் பூஜ்யம் திருப்பியிருக்கிறீர்கள், டிஸ்கனெக்ட் (சாதனம் கழன்றதும் கர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்) வரும்போது அது பதிவே ஆகாத ஏடிசியையும் நீக்கப் போகிறது, கர்னல் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் பொதுவானதையும் தனித்தனியானதையும் பிரியுங்கள். கட்டளை அனுப்பும் வழி, பதில் வாங்கும் யூஆர்பிகள் (யுஎஸ்பி தரவுக் கோரிக்கைகள்), அவற்றின் பஃபர்கள், இவை ஜிபிஐஓ, ஐ2சி, ஏடிசி மூன்றுக்கும் பொது. இதில் எது தவறினாலும் ப்ரோப் பிழையோடுதான் திரும்ப வேண்டும். ப்ரோப் தவறினால் கர்னல் உங்கள் டிஸ்கனெக்டைக் கூப்பிடாது, அதனால் அதுவரை செய்ததை எல்லாம் நீங்களே தலைகீழ் வரிசையில் கலைத்தாக வேண்டும். டெவ்எம் வகை ஒதுக்கீடு (டிரைவர் விலகும்போது தானே விடுவிக்கப்படுவது) இருக்கிறதே என்று இங்கே அசந்துவிடாதீர்கள். அது நினைவகத்தை விடுவிக்கும், நீங்கள் அனுப்பிவிட்ட யூஆர்பியை நிறுத்தாது. யூஆர்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்க, அதன் கால்பேக் (அது முடிந்ததும் ஓடும் ஃபங்ஷன்) விடுவிக்கப்பட்ட இடத்தில் போய் எழுதும். இந்த வகைப் பிழை உடனே தெரியாது, எப்போதோ வேறெங்கோ விழும், தேடி அலைய வைக்கும். அதனால் யூஆர்பிகளைக் கொன்ற பிறகுதான் திரும்ப வேண்டும்.

தனித்தனியானவற்றுக்கு, ஒரே டிரைவருக்குள் மூன்றையும் அடைக்காமல் எம்எஃப்டி (பல வேலை செய்யும் ஒரு சாதனத்தைத் தனித்தனிப் பிள்ளைச் சாதனங்களாகப் பிரிக்கும் கர்னல் அமைப்பு) முறையில் பிரித்துவிடுங்கள் என்பேன். டிஎல்என்-2 என்ற யுஎஸ்பி அடாப்டரின் டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, அதைப் படித்துப் பாருங்கள். தாய் டிரைவர் போக்குவரத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறது, ஜிபிஐஓ, ஐ2சி எல்லாம் தனிப் பிள்ளைச் சாதனங்கள். பிள்ளையின் ப்ரோப் தவறினாலும் தாயின் ப்ரோப் தவறாது, அந்தப் பிள்ளைக்கு டிரைவர் ஒட்டாமல் போகும், அவ்வளவுதான். ஒட்டாத டிரைவரின் ரிமூவ் (நீக்கும் ஃபங்ஷன்) கூப்பிடப்படாது என்பதால் எது பதிவானது என்று நீங்கள் கொடி வைத்துக் கணக்குப் பார்க்கும் வேலையே மிச்சம். ஆனால் இதே காரணத்தால், பிள்ளைகளைச் சேர்க்கும் ஃபங்ஷன் பூஜ்யம் திருப்பியது என்றால் எல்லாம் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. ஏடிசி இல்லை என்பதை அதன் டிரைவர் கர்னல் பதிவேட்டில் (லாக்) தெளிவாகச் சொல்லட்டும், பயன்படுத்துபவர் குழம்பக் கூடாது.

அப்புறம், பிள்ளைகளைச் சேர்ப்பது ப்ரோப்பின் கடைசி வேலையாக இருக்கட்டும். பதிவான நொடியிலிருந்தே யாராவது அதைத் திறந்து கட்டளை அனுப்பலாம், உங்கள் யூஆர்பிகள் அதற்குள் தயாராக இருக்க வேண்டும்.

ஒருவேளை அதே சாதனத்தின் இன்னொரு இன்டர்ஃபேஸையும் (யுஎஸ்பி சாதனத்தின் தனிப் பகுதி) உங்கள் டிரைவருக்கென நீங்கள் க்ளெய்ம் செய்திருந்தால், டிஸ்கனெக்ட் இரண்டுக்கும் தனித்தனியாக வரும். முதல் முறையிலேயே இரண்டின் இன்டர்ஃபேஸ் டேட்டாவையும் (அதில் டிரைவர் வைத்திருக்கும் சுட்டி) காலியாக்கி, இரண்டாம் முறை அது காலி என்றால் சும்மா திரும்புங்கள். யுஎஸ்பி மோடங்களுக்கான சிடிசி ஏசிஎம் டிரைவர் இதைத்தான் செய்கிறது.

திருத்தியதும், காசான் (தவறான நினைவக அணுகலைப் பிடிக்கும் கருவி) இயக்கிய கர்னலில் ப்ரோப்பின் ஒவ்வொரு படியையும் வேண்டுமென்றே தவற வைத்து, ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். நினைவக ஒதுக்கீட்டைத் தவற வைக்க ஃபெயில்ஸ்லாப் கர்னலிலேயே இருக்கிறது, மற்ற படிகளுக்கு அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு பிழை எண்ணைத் திருப்பினாலே போதும்.