தேனீக்கு எந்த அலமாரி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேனீக்களைப் பற்றிப் படிக்கும் ஆர்வத்தில் நூலகத்துக்குச் சென்றேன். தேனீயின் உடலமைப்பையும் வாழ்க்கையையும் பற்றிய நூல் 595 என்று எண்ணிட்ட அடுக்கில் இருந்தது. தேனீ வளர்ப்பைப் பற்றிய நூலைத் தேடினால் அது சில வரிசைகள் தள்ளி 638-இல் நின்றது. தேனைப் பற்றிய இன்னொரு நூலோ 641-இல், சமையல் நூல்களுக்குப் பக்கத்தில். ஒரு பொருளைப் பற்றிய நூல்களை இப்படித் திசைக்கொன்றாக வைப்பதற்குப் பெயர்தான் பொருள்வாரியாக அடுக்குவதா? 'தேனீ' என்ற தலைப்பில் அகரவரிசைப்படி ஒரே இடத்தில் வைத்தால் என்ன குறைந்துவிடும்? கணினியில் தட்டினால் எல்லாம் கிடைக்கும் காலத்தில் இந்த எண்கள் இன்னும் எதற்கு?

ந.

அன்புள்ள ந.,

நீங்கள் கண்டது அந்த நூலகத்தின் பிழையன்று. அந்த முறையின் அடித்தளமே அதுதான். அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல், 44 பக்கங்களே கொண்ட சிறு நூலாக, தம் பெயரைக்கூடப் போடாமல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை உலகத்தைப் பொருள்களாகப் பிரிக்கவில்லை. கல்வித் துறைகளாகப் பிரித்தது. 500 அறிவியல், அதற்குள் 590 விலங்குகள், 595.7 பூச்சிகள், 595.799 தேனீக்கள். 600 தொழில்நுட்பம், அதற்குள் 630 வேளாண்மை, 638.1 தேனீ வளர்ப்பு. 641 உணவு, அதில் 641.38 தேன். ஆகவே தேனீக்கென்று ஓரிடம் அங்கே கிடையாது. விலங்கியலார் பார்க்கும் தேனீக்கு ஓரிடமும், அதைப் பெட்டியில் வைத்து வளர்ப்பவர் பார்க்கும் தேனீக்கு வேறிடமும் உண்டு. தேனீயைப் பற்றி ஒருவர் ஒரு கவிதை நூலே எழுதினாலும் அது இவற்றுள் எதிலும் சேராமல் 800-இல், இலக்கியத்தில், எழுதப்பட்ட மொழியையும் வடிவத்தையும் பொறுத்துப் போய் அமரும்.

அகரவரிசையில் வைத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். வைத்துத்தான் பாருங்களேன். தமிழ் அகராதி வரிசைப்படி தேனீக்கு முன்னால் கணிதத் தேற்றமும் பின்னால் தையற்கலையும் நிற்கும். அதன் நெருங்கிய உறவுகளான எறும்பு எகரத்துக்கும் குளவி ககரத்துக்கும் போய்விடும். தேனீயைப் பற்றிய மூன்று நூல்களை ஒன்றுசேர்ப்பதற்காகப் பூச்சியியல் முழுவதையும் நூலகமெங்கும் இறைத்தவர்களாவோம். போதாததற்கு, ஒருவர் 'தேனீ' என்றும் இன்னொருவர் 'தேன்வண்டு' என்றும் தலைப்பிட்டால் அந்த மூன்றும்கூட ஒன்றுசேர்வதில்லை.

இக்கட்டு இதுதான்: ஒரு நூலுக்குப் பல பொருள்கள் இருக்கலாம், ஆனால் உடல் ஒன்றே. அது ஒரு சமயத்தில் ஓரிடத்தில்தான் நிற்க முடியும். அலமாரியோ ஒரு நேர்கோடு. அதில் ஒரு நூலுக்கு இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு அண்டை வீட்டாருக்குத்தான் இடமுண்டு. எந்த முறையைக் கையாண்டாலும் ஏதோ ஒன்று சிதறியே தீரும். எதைச் சேர்த்துவைத்து எதைச் சிதறவிடுவது என்று தேர்ந்துகொள்வதுதான் பகுப்பாளரின் வேலை.

எண்ணைக் கொண்டே பொருளைச் சொல்வது நமக்குப் புதிதுமன்று. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் அனைத்தும் பாலை, 2, 8 என முடிபவை குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்து, இருபது என வருபவை நெய்தல். பாடலைப் படிக்காமல் எண்ணை மட்டும் கேட்டே திணையைச் சொல்லிவிடலாம். தொகுத்தவர்கள் சந்தித்த தொல்லையும் நூலகரின் தொல்லைதான்: ஒரு திணைக்குரிய கருப்பொருள் இன்னொரு திணைப் பாட்டில் வந்து மயங்கும், ஆனாலும் பாட்டுக்கு எண் ஒன்றுதான் கொடுக்க முடியும்.

டூயிக்கு முன் பல நூலகங்களில் எண் நூலுக்குரியதாக இராமல் அலமாரிக்கும் தட்டுக்கும் உரியதாக இருந்தது. இத்தனையாவது அலமாரி, இத்தனையாவது தட்டு என்று ஒரு நூலுக்கு எழுதிவிட்டால் அதை நகர்த்த முடியாது. தட்டு நிறைந்தபின் அதே பொருளில் வரும் புதிய நூல் வேறெங்கோ போக வேண்டியதுதான். டூயி எண்ணை நூலோடு ஒட்டினார். அடுக்குகள் விரிந்தாலும் நூலகமே வேறு கட்டடத்துக்கு மாறினாலும் நூல்களின் வரிசை குலைவதில்லை. புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் இரண்டு பழைய பொருள்களுக்கு நடுவே புதிய பொருளொன்றை எப்போதும் நுழைத்துவிடலாம். மாணவப் பருவத்தில் சில மாதங்கள் நூல்களை அடுக்கில் திருப்பி வைக்கும் வேலையைச் செய்திருக்கிறேன். முதல் வாரம் 641.38-ஐ 641.5-க்குப் பின்னால் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். 5-ஐவிட 38 பெரிதல்லவா என்று எண்ணியிருந்தேன். புள்ளிக்குப் பின் இலக்கம் இலக்கமாகப் படிக்க வேண்டும். 3 முதலில், 5 பிறகு. இடம் மாறி வைத்த நூல், பட்டியலில் இருந்தும் நூலகத்தில் இல்லாத நூல்.

இந்தச் சிதறலை அடிப்படையிலேயே வேறு விதமாக அணுகியவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அவர், 1924-இல் நூலகவியல் பயில இலண்டன் சென்றபோது ஒரு பெருங்கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைக் கண்டார். துளையிட்ட பட்டைகள், திருகாணிகள், சக்கரங்கள். அதே துண்டுகளைக் கொண்டு ஒருமுறை பாலமும் மறுமுறை பாரந்தூக்கியும் கட்டலாம். பொருள்களுக்கெல்லாம் முன்கூட்டியே எண் எழுதிவைப்பதற்குப் பதிலாகத் துண்டுகளுக்கு மட்டும் எண் கொடுத்து, நூல் வரும்போது பூட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்து, 1933-இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. பொருளின் மையம், அது ஆன பண்டம், அதன்மீது நிகழும் செயல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களாக எதையும் பிரித்துப் பார்க்கலாம் என்பது அவர் கண்டது. சிந்தனை என்ற அளவில் இதை டூயியின் முறையைவிட உயர்ந்ததாகவே கருதுகிறேன். ஆயினும் முகங்கள் ஐந்தானாலும் அலமாரி நேர்கோடுதான். முதலில் எழுதும் முகம் சேர்ந்திருக்கும், கடைசியில் எழுதும் முகம் சிதறும். எதை முன்னே எழுதுவது என்ற முடிவை அரங்கநாதன் வெளிப்படையாக எடுத்தார். டூயி அதைத் தம் எண்களுக்குள்ளே மறைத்துவைத்தார்.

மறைந்த முடிவுகளில் பக்கச்சார்பும் மறைந்திருக்கும். டூயியின் 200 சமயத்துக்குரியது. அதில் 220 முதல் 280 வரை கிறித்தவம் சார்ந்தவை, உலகின் ஏனைய சமயங்களுக்கெல்லாம் 290. இந்து சமயம் 294.5. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற முழு எண் கிடைக்க, தமிழ் இலக்கியம் 894.811 என்ற நீண்ட வாலோடு நூலின் முதுகில் ஒட்டப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் என்னென்ன நூல்கள் நிறைய இருந்தனவோ அவற்றுக்கே அகலமான இடம் ஒதுக்கப்பட்டது. இதைத் திருத்துவது தாளில் எளிது. ஆனால் ஓர் எண்ணை மாற்றினால் ஒவ்வொரு நூலகத்திலும் அந்த எண்ணுள்ள நூலையெல்லாம் எடுத்து, எண் ஒட்டிய சீட்டைக் கிழித்து, புதிதாக ஒட்டி, பட்டியலையும் திருத்த வேண்டும் என்பதால் பழைய பிழைகளுக்கு ஆயுள் கெட்டி.

இனிக் கணினி. நூலின் உடலுக்குத்தான் ஓரிடம். பட்டியலில் அதற்கு எத்தனை நுழைவுகள் வேண்டுமானாலும் தரலாம், பட்டியலை அட்டைகளில் எழுதிப் பெட்டிகளில் வைத்த காலத்திலேயே தந்தார்கள். நீங்கள் கேட்கும் 'தேனீ' என்ற ஒரே இடம் டூயி தம் முறையோடு சேர்த்தே அமைத்த அகரவரிசைச் சுட்டியில் இருக்கிறது. அடுக்கு சிதறடிப்பதைச் சுட்டி கூட்டிவைக்கிறது. கணினி அந்தச் சுட்டியின் வேலையை மேலும் விரைவாகச் செய்கிறது. வாசகர் உள்ளே நுழையாத சேமிப்புக் கிடங்குகளில் நூல்களை அளவுவாரியாக அடுக்கிப் பட்டைக்குறியீட்டைக் கொண்டு எடுக்கிறார்கள். அங்கே பொருளெண் வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாசகர் நடந்து தேடும் அடுக்கு வேறு. கணினியிடம் கேட்க, கேட்க வேண்டிய சொல் முதலில் தெரிந்திருக்க வேண்டும். அடுக்கில் நாம் தேடிவந்த நூலின் இருபுறமும் அதற்கு நெருங்கியவையும் அவற்றுக்கப்பால் சற்று விலகியவையுமாக நிழல் மெல்ல மெலிவதுபோல் பரந்திருக்க வேண்டும் என்று அரங்கநாதன் எழுதினார். நல்ல பகுப்புக்கு அவர் வைத்த சோதனை அது.

அடுத்த முறை 595.799-க்குப் போகும்போது இடப்பக்கம் சற்று நகர்ந்து பாருங்கள். 595.798-இல் குளவிகளும் 595.796-இல் எறும்புகளும் இருக்கும்.