கிளிக் வருகிறது, போன் வரவில்லை!

கூகுள் தேடலில் காசு கட்டி விளம்பரம் செய்யும் சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

குரோம்பேட்டையில் ஆர்ஓ வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ் செய்கிறேன். கூகுள் ஆட்ஸில் நாளுக்கு 500 ரூபாய் போடுகிறேன். ஒரு கிளிக் 25 ரூபாய் கணக்கில் 20 கிளிக் விழுகிறது. போன் இரண்டோ மூன்றோதான். அதிலும் ஒருவர் வேலை கேட்கிறார், இன்னொருவர் மதுரையிலிருந்து பேசுகிறார். ஏலத்தொகையை, அதாவது ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் தரத் தயாரான தொகையை, கூட்டினால் நல்ல கஸ்டமர் வருவார்களா?

கூட்டாதீர்கள். கூட்டினால் இதே ஆட்கள்தான் இன்னும் அதிக விலைக்கு வருவார்கள்.

முதலில் 'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையைத் திறந்து கடந்த 30 நாளை எடுங்கள். விளம்பரம் காட்டச் சொல்லி நீங்கள் கொடுத்த தேடல் சொல்லுக்காக (கீவேர்டு), ஜனங்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்பது அதில் தெரியும். செலவு அதிகமான வரிசையில் அடுக்கிப் பாருங்கள். 'ஆர்ஓ டெக்னீஷியன் சம்பளம்', 'ஆர்ஓ மோட்டார் விலை', 'ஆர்ஓ ஃபுல் ஃபார்ம்', ஏதோ ஒரு கம்பெனியின் 'கஸ்டமர் கேர் டோல் ஃப்ரீ நம்பர்' என்று வரிசையாக இருக்கும். இவர்களில் ஒருவரும் உங்கள் கஸ்டமர் இல்லை, ஆனால் ஒவ்வொருவருக்கும் 25 ரூபாய் போயிருக்கும்.

காரணம், கீவேர்டை எந்தக் குறியும் இல்லாமல் சும்மா தட்டியிருப்பீர்கள். அப்படிப் போட்டால் அது 'பிராட் மேட்ச்'. தொடர்புள்ளது என்று கூகுள் நினைக்கிற எல்லாத் தேடலுக்கும் விளம்பரம் போகும். அதே கீவேர்டை இரட்டை மேற்கோளுக்குள் "ஆர்ஓ சர்வீஸ் குரோம்பேட்டை" என்று போட்டால் ஃபிரேஸ் மேட்ச், அந்தப் பொருள் அடங்கிய தேடலுக்கு மட்டும் போகும். சதுர அடைப்புக்குள் [ஆர்ஓ சர்வீஸ் குரோம்பேட்டை] என்று போட்டால் எக்ஸாக்ட் மேட்ச், அதே பொருளுள்ள தேடலுக்கு மட்டும் போகும். 500 ரூபாய் பட்ஜெட்டுக்கு ஃபிரேஸும் எக்ஸாக்டும் போதும். பிராட் மேட்ச் கெட்டதல்ல. மாதம் நிறைய கன்வர்ஷன் (கிளிக்குக்குப் பிறகு வரும் போன், ஃபார்ம் போன்ற பலன்) சரியாகப் பதிவாகிற கணக்கில் அது நன்றாகவே வேலை செய்யும். அந்த நிலைக்கு நீங்கள் இன்னும் வரவில்லை.

அடுத்தது நெகட்டிவ் கீவேர்டு, அதாவது தேடலில் எந்தச் சொல் இருந்தால் விளம்பரம் காட்டக் கூடாது என்று குறிப்பது. வேலை, சம்பளம், கோர்ஸ், விலை, டோல் ஃப்ரீ, யூடியூப் போன்ற சொற்களைக் கேம்பெயின் (ஒரே பட்ஜெட்டில் ஓடும் விளம்பரத் தொகுப்பு) அளவில் சேர்த்துவிடுங்கள். இங்கே பலர் சறுக்குகிறார்கள். சாதாரணக் கீவேர்டுக்கு ஒருமை, பன்மை, ஒத்த பொருள் எல்லாவற்றையும் கூகுள் தானே சேர்த்துக்கொள்ளும். நெகட்டிவுக்கு அப்படிச் சேர்க்காது. 'ஜாப்' என்று மட்டும் போட்டால் 'ஜாப்ஸ்' உள்ளே வந்துவிடும், இரண்டையும் எழுத வேண்டும். ஆங்கில எழுத்தில் ஒரு தடவை, தமிழ் எழுத்தில் ஒரு தடவை. முதல் மாதம் வாரம் இருமுறை இதைப் பாருங்கள், பிறகு வாரம் ஒருமுறை போதும். குறைவான பேர் தேடிய சொற்களைக் கூகுள் அறிக்கையில் காட்டாது. அதனால் இந்த அறிக்கையின் கூட்டுத்தொகையும் கேம்பெயினின் மொத்தமும் ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம்.

மதுரை அழைப்புக்குக் காரணம் வேறு. லொகேஷன் செட்டிங்கில் 'லொகேஷன் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு மடிப்பு இருக்கிறது. அதில் ஏற்கெனவே தேர்வாகி வருவது, அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊர் மீது ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும் 'பிரசன்ஸ் ஆர் இன்ட்ரஸ்ட்'. அதை 'பிரசன்ஸ்' என்று மட்டும் மாற்றுங்கள். கடையை நடுவில் வைத்து வட்டம் போடுவதானால், அந்த வட்டத்துக்கு ரோடு தெரியாது என்பதை நினைவில் வையுங்கள். 8 கிலோமீட்டர் என்று போட்டால் தாம்பரம், பல்லாவரத்தோடு குன்றத்தூர்ப் பக்கமும் உள்ளே வந்துவிடும். உங்கள் ஆள் ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டியே போகிறவர் என்றால் வட்டத்தைச் சுருக்கி, போக முடியாத பகுதிகளை 'எக்ஸ்க்ளூட்' செய்யுங்கள்.

அதே செட்டிங் பக்கத்தில் 'டிஸ்பிளே நெட்வொர்க்' (தேடலுக்கு வெளியே மற்ற தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டுவது) டிக்கை எடுத்துவிடுங்கள். விளம்பரத்தோடு போன் எண்ணைக் காட்டும் 'கால்' அசெட்டுக்கு நேரம் குறியுங்கள். இரவு பத்து மணிக்குக் கடை போன் அடித்து யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த 25 ரூபாயும் தண்டம்தான்.

வேளச்சேரியில் பிரைடல் மேக்கப் செய்கிறேன். விளம்பரத்தைத் தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்தில் எழுதலாமா?

கஸ்டமர் எதில் தேடுகிறாரோ அதில். உங்கள் துறையில் ஆங்கிலம்தான் அதிகம் வரும். தமிழ் எழுத்திலும், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியும் தேடுபவர்களும் இருக்கிறார்கள். கூகுள் உங்கள் விளம்பரத்தை மொழிபெயர்த்துக் காட்டாது. ஆகவே கேம்பெயினுக்குள் இரண்டு ஆட் குரூப்பாகப் (கீவேர்டும் அதற்கான விளம்பரமும் சேர்ந்த பிரிவு) பிரித்து, தமிழ்க் கீவேர்டுக்குத் தமிழ் விளம்பரமும் தமிழ்ப் பக்கமும் கொடுங்கள். தமிழில் தேடி வந்தவரை முழு ஆங்கிலப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினால் அப்படியே திரும்பிவிடுவார்.

தமிழில் எழுதும்போது இடம்தான் பெரிய தலைவலி. ஒரு விளம்பரத்துக்கு 15 தலைப்பு வரை, ஒவ்வொன்றும் 30 எழுத்து. விவரிப்பு 4 வரை, ஒவ்வொன்றும் 90 எழுத்து. ஆனால் கம்ப்யூட்டர் கணக்கில் புள்ளி தனி, கொம்பு தனி, கால் தனி. 'வேளச்சேரியில் மணப்பெண் மேக்கப்' என்பது கண்ணுக்கு 16 எழுத்து. கணக்குக்கு இரண்டு இடைவெளியும் சேர்த்து சரியாக 30. அதற்குமேல் ஒரு ஆச்சரியக்குறிக்குக்கூட இடமில்லை. எனவே 'சிறந்த', 'தரமான' போன்ற அலங்காரங்களை விட்டுவிட்டு ஊர், வேலை, ஆரம்ப விலை மூன்றையும் தனித்தனித் தலைப்புகளாக வையுங்கள். விலையைச் சொல்லிவிட்டால் கட்டுப்படியாகாதவர்கள் கிளிக் செய்யாமலே போவார்கள், உங்களுக்கு மிச்சம்.

இன்னொன்று, ஆடியில் பட்ஜெட்டை அடியோடு நிறுத்தாதீர்கள். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆள் தேடுவது அப்போதுதான்.

நாள் பட்ஜெட் 300 ரூபாய். ஒரு நாள் 580 ரூபாய் எடுத்துவிட்டார்கள். 10,000 ரூபாய் கட்டினேன், கணக்கில் அவ்வளவு காட்டவில்லை. (மாதவரம்)

இரண்டும் விதிப்படிதான். ஒரு நாளில் உங்கள் பட்ஜெட்டின் இரண்டு மடங்கு வரை கூகுள் செலவழிக்கலாம். மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 9,120 ரூபாய். முன்பணம் கட்டும் கணக்கில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளடங்கியே பிடிக்கப்படும் என்பதால் 10,000 ரூபாயில் விளம்பரத்துக்கு மிஞ்சுவது சுமார் 8,475. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் எண்ணை பில்லிங் பகுதியில் சேர்த்து, உள்ளீட்டு வரி வரவு (இங்கே கட்டிய ஜிஎஸ்டியை நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) பற்றி ஆடிட்டரிடம் கேளுங்கள். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அது கிடைக்காது.

அண்ணா நகரில் கோச்சிங் சென்டர் நடத்துகிறோம். போன மாதம் 140 கன்வர்ஷன் என்று ஏஜென்சி ரிப்போர்ட் தருகிறது. எங்களுக்கு வந்த விசாரணை முப்பதைத் தாண்டவில்லை. யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், எண்ணுகிற பொருள் வேறாக இருந்தால். கணக்கில் 'கோல்ஸ்' பகுதிக்குப் போய் எதையெல்லாம் கன்வர்ஷனாக வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். மேப்பில் வழி பார்த்தது, கான்டாக்ட் பக்கத்தைத் திறந்தது எல்லாம் அதில் சேர்ந்திருந்தால் 140 சுலபமாக வரும்.

ரிப்போர்ட்டில் எண் ஊதிப்போவது மட்டுமல்ல பிரச்சினை. கூகுளே ஏலத்தொகையை முடிவு செய்யும் தானியங்கி ஏலம் 'பிரைமரி' என்று குறித்த கன்வர்ஷனைப் பார்த்துத்தான் ஆளைத் தேடுகிறது. வழி பார்த்ததை பிரைமரியாக வைத்தால், வழி மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களாகப் பார்த்துக் கொண்டுவரும். ஃபார்ம் நிரப்பியது, 60 விநாடிக்கு மேல் பேசிய போன் இரண்டையும் மட்டும் பிரைமரியில் விட்டு, மற்றதை 'செகண்டரி' ஆக்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை முறை 'எவ்ரி' என்று இருந்தால் 'ஒன்' ஆக்குங்கள். நன்றிப் பக்கத்தை ஒருவர் மூன்று முறை ரீலோட் செய்தால் மூன்றாக ஏறுவது 'எவ்ரி'யால்தான்.

அட்மிஷன் வரை தொடர வேண்டுமானால், ஒவ்வொரு கிளிக்குக்கும் தனி எண் ஒட்டி அனுப்பும் ஆட்டோ டேகிங்கை இயக்கி, ஃபார்மோடு அந்தக் கிளிக் எண்ணையும் சேமியுங்கள். சேர்ந்தவர்களின் பட்டியலைக் கிளிக் நடந்த 90 நாளுக்குள் ஏற்றினால், ஃபீஸ் கட்டியவர் எந்தக் கீவேர்டில் வந்தார் என்பது தெரியும்.

ஒன்று கண்டிப்பாகக் கேட்டு வாங்குங்கள். கணக்கு உங்கள் இமெயிலில், உங்கள் அட்மின் உரிமையில் இருக்க வேண்டும். ஏஜென்சி தன் மேனேஜர் கணக்கின் வழியாக அதில் இணையட்டும். கணக்கு அவர்களுடையதாக இருந்தால், பிரியும்போது சேர்ந்திருக்கும் சரித்திரம் அத்தனையும் அவர்களோடு போய்விடும்.

வடபழனியில் எங்கள் மண்டபத்தின் பெயரைத் தேடினால் மேலே இன்னொரு மண்டபத்தின் விளம்பரம் வருகிறது. தடுக்க முடியாதா?

பெயரைக் கீவேர்டாக வைப்பதைக் கூகுள் தடுப்பதில்லை. விளம்பர வாசகத்தில் உங்கள் டிரேட்மார்க்கை எழுதியிருந்தால் புகார் கொடுக்கலாம், அதைக் கட்டுப்படுத்துவார்கள். நம் சென்னை உயர் நீதிமன்றமே 2010இல், பாரத் மேட்ரிமோனி தளத்தை நடத்திய கன்சிம் இன்ஃபோ கூகுள் மீதும் போட்டியாளர்கள் மீதும் தொடுத்த வழக்கில், 'தமிழ் மேட்ரிமோனி' போன்ற பெயர்கள் சேவையையே விவரிக்கும் சொற்கள் என்று சொல்லி இடைக்காலத் தடை தர மறுத்தது. உங்கள் மண்டபப் பெயரும் பொதுவான சொல்லாக இருந்தால் வழக்கு கடினம். வக்கீலிடம் போகுமுன் உங்கள் பெயருக்கு நீங்களே எக்ஸாக்ட் மேட்ச்சில் விளம்பரம் போடுங்கள். தேடலும் விளம்பரமும் பக்கமும் ஒத்துப்போவதால் போட்டியாளர் தருவதைவிடக் கிளிக் விலை உங்களுக்குப் பெரும்பாலும் குறைவாகவே விழும்.

பக்கத்துக் கடைக்காரர் வேண்டுமென்றே என் விளம்பரத்தைக் கிளிக் செய்கிறார் என்று சந்தேகம். (பெரம்பூர்)

'இன்வேலிட் கிளிக்ஸ்' என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். கண்டுபிடித்ததற்குக் கூகுள் காசு வாங்காது. ஒரு கேம்பெயினில் 500 ஐபி முகவரி (இணைய இணைப்பின் அடையாள எண்) வரை தடுக்கலாம், ஆனால் மொபைல் டேட்டாவில் ஒரே ஐபியைப் பலர் பங்கிட்டுக்கொள்வார்கள். அவரைத் தடுக்கப் போய் அசல் கஸ்டமர்களையும் தடுத்துவிடுவீர்கள். உங்கள் விளம்பரம் வருகிறதா என்று நீங்களே தினமும் தேடிப் பார்க்கிறீர்களா? அதையும் நிறுத்துங்கள். கிளிக் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் கிளிக் விகிதம் இறங்கும். அதற்கென்றே கணக்கில் 'ஆட் பிரிவியூ' என்ற கருவி இருக்கிறது.