இலவசம் என்கிறார்களே, மாஷே?

(தொழிற்கல்விப் பள்ளி ஒன்றில் 27 ஆண்டுகள் லேப் அசிஸ்டென்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற நம் ‘மாஷ்’ (மலையாளத்தில் ஆசிரியர்), இந்த இதழிலும் கேரள-தமிழ்நாட்டு எல்லையோர வாசகர்களின் படிப்புச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: மாஷே, என் அண்ணன் குடும்பம் அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறது. அவர் மகள் பதினொன்றாவதுதான் படிக்கிறாள். அதற்குள் பக்கத்துக் காலேஜுக்குப் போய் நர்ஸ் உதவியாளர் படிப்பும் படிக்கிறாள், காசே கட்டவில்லை என்கிறார் அண்ணன். என் பையன் தமிழ் மீடியத்தில் பத்தாவது எழுதியிருக்கிறான். அவன் அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் கூலி வேலை. இவனுக்கும் அந்த மாதிரி ஏதாவது கிடைக்குமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: சகோதரி, உண்மையில் நான் மாஷ் இல்லை. மாஷ் பாடம் நடத்துவார், நான் கருவிகளை எடுத்து வைத்து, பிள்ளைகள் விரலை நசுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வேன். ஊரில் எல்லாரும் மாஷ் என்று கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. போகட்டும்.

உங்கள் அண்ணன் சொன்னது சரிதான். அந்த மாநிலத்தில் ‘கரியர் அண்ட் காலேஜ் பிராமிஸ்’ என்ற திட்டம் 2012லிருந்து இருக்கிறது. அங்கே 58 சமுதாயக் கல்லூரிகள் உண்டு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அங்கே போய் வெல்டிங், ஆட்டோமொபைல், நர்ஸ் உதவியாளர் என்று தொழில் சார்ந்த பாடம் எடுத்துக்கொள்ளலாம். பாடக் கட்டணம் கிடையாது, அந்தச் செலவு அரசாங்கத்துடையது. புத்தகம், சீருடை, சில்லறைக் கட்டணங்கள் மட்டும் இடத்துக்கு இடம் மாறும். இந்த யோசனையும் அவர்களுக்குப் புதிதல்ல. மினசோட்டா மாநிலத்தில் 1985லேயே தொடங்கிவிட்டார்கள்.

அண்ணனிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள். அங்கே வாங்கும் மதிப்பெண் கல்லூரிக் கணக்கில் நிரந்தரமாக ஏறிவிடும். சும்மாதானே கிடைக்கிறது என்று பெயரைக் கொடுத்துவிட்டுப் பாதியில் தேறாமல் போனால், பிற்பாடு பெரிய காலேஜில் சேரும்போது அதுவும் கூடவே வரும்.

நம் பக்கத்துக்கு வருவோம். பள்ளிக்கூடம், காலேஜ், தொழிற்பயிற்சி எல்லாவற்றிலும் படித்ததை ஒரே புள்ளிக் கணக்கில் சேர்ப்பது என்பது 2023இல் வந்த தேசிய கிரெடிட் சட்டகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் இருந்துகொண்டே காலேஜ் பாடம் படிப்பதைக் கிழக்குப் பாலக்காட்டுப் பள்ளிக்கூடம் எதிலும் நான் கண்ணால் பார்க்கவில்லை. இருந்தாலும் பிளஸ் டூவையும் ஒரு தொழிலையும் சேர்த்துப் படிக்க ஒரு வழி கேரளத்தில் 1983இலிருந்தே இருக்கிறது. விஎச்எஸ்இ, அதாவது தொழிற்கல்வி மேல்நிலை. நான் சோறு தின்ற இடம், அதனால் கொஞ்சம் கூடுதலாகப் புகழ்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடப் படிப்பு. முடித்தால் பிளஸ் டூவுக்குச் சமமான சான்றிதழும் ஒரு வேலைக்கான திறன் சான்றிதழும் கையில் இருக்கும். டிகிரிக்குப் போகத் தடையில்லை. இயற்பியல், வேதியியல், கணக்கு உள்ள பிரிவில் படித்தால் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். உங்கள் மாவட்டத்திலேயே கொடும்பில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது.

உங்கள் பஞ்சாயத்தை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் மழை மறைவுப் பிரதேசம். சொட்டு நீர்ப் பாசனம் இல்லாமல் அங்கே தோப்பு கிடையாது. வால்வு அடைத்துக்கொண்டால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆள் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வரும்வரை காத்திருக்கிறார்கள். விஎச்எஸ்இயில் நுண்ணீர்ப் பாசனத் தொழில்நுட்பம் என்று ஒரு பிரிவு உண்டு. பால் பண்ணைப் படிப்பும் உண்டு, உங்கள் பக்கம்தான் பால் சொசைட்டி இல்லாத தெருவே இல்லையே. அப்பாவுக்குத் தோப்பில் கூலி என்கிறீர்கள். பையன் அதே தோப்புக்குள் வேறு சம்பளத்துக்குப் போகலாம். எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பிரிவும் இருக்காது, ஒரு பேட்சில் 30 பேர் அளவுதான் எடுப்பார்கள். எந்தப் பள்ளியில் எது என்று பார்த்த பிறகு ஆப்ஷன் (விருப்ப வரிசை) கொடுங்கள்.

இங்கேதான் நம் ஆட்கள் தவறவிடுகிறார்கள். சாதாரண பிளஸ் ஒன்னுக்கு ஒரு விண்ணப்பம், விஎச்எஸ்இக்கு வேறு விண்ணப்பம். அக்ஷயா மையத்தில் (கேரளத்தின் இ-சேவை மையம்) ‘பிளஸ் ஒன்னுக்குப் போட்டாச்சு சேச்சி’ என்று ஒன்றோடு அனுப்பிவிடுவார்கள். இரண்டையும் கேட்டுப் போடச் சொல்லுங்கள். டிரையல் அலாட்மென்ட் (முன்னோட்ட ஒதுக்கீட்டுப் பட்டியல்) வந்ததும் பெயரில், மதிப்பெண்ணில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், திருத்துவதற்கு அதுதான் நேரம். முதல் ஆப்ஷனே கிடைத்துவிட்டால் நிரந்தரமாகச் சேர்ந்துதான் ஆக வேண்டும். கீழே உள்ள ஆப்ஷன் கிடைத்தால் தற்காலிகமாகச் சேர்ந்துவிட்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கலாம்.

மொழிதான் கஷ்டம். பத்து வரை தமிழில் படித்த பிள்ளைக்குப் பிளஸ் ஒன் பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் வரும், வகுப்பில் விளக்கம் மலையாளத்தில் வரும். முதல் மூன்று மாதம் பையன் வாயைத் திறக்க மாட்டான். நான் பார்த்த பிள்ளைகளில் பாதிப் பேர் லேபில்தான் முதலில் பேசத் தொடங்கினார்கள். ஸ்பானரைக் கையில் கொடுத்தால் மொழி தானாக வரும்.

பிளஸ் டூவே வேண்டாம், சீக்கிரம் தொழில் போதும் என்றால் மலம்புழாவில் அரசு ஐடிஐ இருக்கிறது. ஃபிட்டரோ எலக்ட்ரீஷியனோ இரண்டு வருடம். அதை முடித்தும் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். மாணவர் சலுகை டிக்கெட் மலிவுதானே என்பீர்கள். அந்தச் சலுகை டிக்கெட் பிள்ளைகளை ஏற்றக் கண்டக்டர் படுத்தும் பாட்டையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘பத்தாவது முடித்தவர்களுக்கு முற்றிலும் இலவசப் பயிற்சி, உடனே வேலை’ என்று எங்கள் ஊரில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். தம்பியைச் சேர்க்கலாமா?
- வாசகர், வேலந்தாவளம்

பதில்: என் அக்கா மகனை அப்படி ஒரு இடத்தில் சேர்த்தது நான்தான். பெயர் வேண்டாம். படிப்பு இலவசம்தான். சீருடைக்கு இரண்டாயிரம், தேர்வுக்கு மூவாயிரம், ‘பிளேஸ்மென்ட்’ பதிவுக்கு மூவாயிரம். பாதியில் நிறுத்தப் போனால் அசல் எஸ்எஸ்எல்சி புத்தகத்தைக் கொடுக்கவில்லை. அக்கா என்னோடு ஒரு வருடம் சரியாகப் பேசவில்லை.

எனவே இரண்டு கேள்வி கேளுங்கள். சான்றிதழ் யார் பெயரில் வரும்? அதை வைத்து அடுத்த படிப்பில் சேர முடியுமா? முதல் கேள்விக்குத் தேசியத் தொழிற்கல்வி மற்றும் பயிற்சிக் குழுமத்தின் பெயரையோ அரசாங்கத் துறை ஒன்றின் பெயரையோ சொல்லாமல் அவர்கள் டிரஸ்டின் பெயரையே சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழை ரசீது இல்லாமல் எங்கேயும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். வீட்டிலிருந்தே செல்போனில் காலேஜ் பாடம் இலவசமாகப் படிக்க முடியுமா?
- மாணவர், மீனாட்சிபுரம்

பதில்: முடியும், தம்பி. ஸ்வயம் என்று ஒன்றிய அரசின் தளம் 2017இல் வந்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் முதுகலை வரை பாடங்கள் உண்டு. பார்ப்பதும் படிப்பதும் இலவசம், சான்றிதழ் வேண்டித் தேர்வு எழுதினால்தான் கட்டணம். பிளஸ் டூ வருடத்தில் ஒரு பாடத்துக்கு மேல் எடுக்காதே. உன் டேட்டா தீர்வதற்கு முன் உன் பொறுமை தீர்ந்துவிடும்.

கணினி விருப்பம் என்றால் சென்னை ஐஐடியின் டேட்டா சயன்ஸ் இணையவழிப் பட்டப்படிப்பைப் பார். பதினொன்றாம் வகுப்பு இறுதித் தேர்வு எழுதியவர்களே அதன் தகுதிச் சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம், ஜேஇஇ தேவையில்லை. இலவசம் கிடையாது. சாதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து 75 சதவீதம் வரை கட்டணச் சலுகை உண்டு. வருமானச் சான்றிதழை இப்போதே வாங்கி வை. வில்லேஜ் ஆபீஸில் கடைசி வாரம் நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வீடு தமிழ்நாட்டுக் களியக்காவிளை, பள்ளிக்கூடம் எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் பாறசாலை. தமிழ்நாட்டில் காலேஜ் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் எனக்குக் கிடைக்குமா?
- மாணவி

பதில்: கிடைக்காதம்மா. ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்குத்தான் அது. கொஞ்ச தூரத்தில் ஆயிரம் ரூபாய் தவறிப்போகிறது, என்ன செய்ய. ஆனால் தமிழ்நாட்டு அரசு ஐடிஐயில் சேர்ந்தால் பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் தருகிறார்கள். தாசில்தார் தரும் இருப்பிடச் சான்றை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் கோணத்தில் உள்ள ஐடிஐக்கு அப்பாவோடு நேரில் போய்க் கேள். போனில் கேட்டால் ‘பாறசாலையா?’ என்றதுமே வைத்துவிடுவார்கள்.