முதலாளிக்குத் திறக்கும் உறுப்பினர் தளம் ஊழியருக்கு மட்டும் திறக்காதது ஏன்?

கேள்வி: வர்த்தகச் சங்கத்தின் உறுப்பினர் தளத்தில் நான் உள்ளே போகிறேன். எங்கள் கணக்காளர் போனால், பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு, ஆறு இலக்க எண் தவறு என்கிறது. ஏன்?

பாஸ்வேர்டு சரி என்றால் முதலில் அவருடைய போன் கடிகாரத்தைப் பாருங்கள். கூகுள் ஆதென்டிகேட்டர் போன்ற செயலிகள் காட்டும் எண் எங்கிருந்தும் வருவதில்லை, அதனால்தான் இன்டர்நெட் இல்லாமலும் வேலை செய்கிறது. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது பதிந்த ரகசியச் சாவியையும் போன் கடிகாரத்தின் இப்போதைய நேரத்தையும் சேர்த்து போனே கணக்கிடுகிறது. சர்வரும் அதே கணக்கைப் போடுகிறது. எண் பொதுவாக 30 நொடிக்கு ஒருமுறை மாறும். போன் இரண்டு மூன்று நிமிடம் பிந்தினாலே இரண்டு விடையும் ஒத்துவராது. தேதி, நேரத்தை 'தானாக அமை' என்று மாற்றுங்கள்.

அப்புறமும் வரவில்லையா? போனை மாற்றியிருப்பார், அல்லது செயலியில் இருப்பது வேறொரு கணக்கின் சாவி. தள நிர்வாகியிடம் சொல்லி இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டுக்குப் பிறகு ஆறு இலக்க எண் கேட்பதை) ரீசெட் செய்து, புதிதாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு உங்கள் லாகினையே கொடுத்துவிடாதீர்கள். பல அலுவலகங்களில் அதுதான் நடக்கிறது. ஆள் வேலையை விட்டுப் போன பிறகுதான் தலைவலி.