வாசகர் கேள்வி – பதில்: பாடமாக வந்த நாடகம்

கேள்வி: என் மகன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். பாடமாக உள்ள ‘மனோன்மணீயம்’ பகுதியைத் திறந்தாலே அவனுக்குக் கொட்டாவி வருகிறது. அதே பையன் பங்குனியில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தை விடிய விடிய உட்கார்ந்து பார்த்தான். இந்த வயதுப் பிள்ளைகளால் பழைய நாடகங்களை உண்மையிலேயே ரசிக்க முடியுமா? அல்லது பெரியவர்களாகிய நாம்தான் அப்படி எண்ணிக்கொள்கிறோமா?
– ஒரு தாய், தேவிபட்டினம்

பதில்: முடியும். அதற்கான சான்று தங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’ நூறாண்டைக் கடந்த நாடகம். அதன் விருத்தங்களும் வெண்பாக்களும் எளிய தமிழில் அமைந்தவை அல்ல. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில் சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டால் முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே தடுமாறுவார்கள். ஆனாலும் யார் யாரை மடக்கப் பார்க்கிறார்கள், எந்தக் கேள்வியில் நாரதர் சற்றே பின்வாங்குகிறார், வள்ளி எந்த இடத்தில் குரலை உயர்த்துகிறாள் என்பதெல்லாம் தங்கள் மகனுக்கு விளங்கியிருக்கிறது. அதனால்தான் அவன் தூங்கவில்லை. ஆகவே பழமையோ கடினமான மொழியோ அவனுக்குத் தடை என்று நான் நம்பவில்லை.

பாடநூலில் அவனுக்குக் கிடைத்திருப்பது நாடகம் அன்று, நாடகத்தின் நடுவிலிருந்து எடுத்த சில வரிகள். அவற்றைப் பேசுபவர் யார், அவருக்கு அப்போது என்ன நெருக்கடி என்பதெல்லாம் மனத்தில் பதிவதற்குள் ஆசிரியர் குறிப்பு, இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், மனப்பாடப் பகுதி என்று மதிப்பெண்ணை நோக்கி வகுப்பு நகர்ந்துவிடுகிறது. காலை வழிபாட்டில் நாள்தோறும் பாடும் ‘நீராருங் கடலுடுத்த’ இந்த நூலின் முகப்பில் உள்ள வாழ்த்துதான் என்பதை அறிந்த பிள்ளைகள்கூட, அதற்குப் பின்னால் எப்படிப்பட்ட கதை இருக்கிறது என்பதை அறிவதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

கதை உண்மையிலேயே விறுவிறுப்பானது. மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டிக் குடியேறிய பாண்டிய மன்னன் சீவகனை, அமைச்சன் குடிலன் முகத்துதியாலேயே தன் கைக்குள் வைத்திருக்கிறான். மன்னன் மகள் மனோன்மணிக்குச் சேரன் புருடோத்தமனை மணம் பேசலாம் என்ற யோசனை எழும்போது, தன் மகன் பலதேவனையே தூது அனுப்பச் செய்து, மணப் பேச்சோடு நாஞ்சில் நாடு யாருக்கு உரியது என்ற வழக்கையும் கலந்து, கல்யாணமாக முடிய வேண்டியதைப் போராக மாற்றிவிடுகிறான். இன்னொரு பக்கம் மனோன்மணியின் தோழி வாணி நடராசனை விரும்புகிறாள். அவள் தந்தையோ பலதேவனுக்கே அவளைக் கொடுக்க நிற்கிறார். மன்னனும் தந்தையின் பக்கமே பேசுகிறான். வாணி இணங்க மறுக்கிறாள். பெற்றோர் சொல்லுக்கும் தன் மனத்துக்கும் இடையில் நிற்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கருத்து இல்லாமலா போகும்? இறுதியில் மன்னனின் குரு சுந்தர முனிவர் இரகசியமாக அமைத்த சுரங்க வழியைக் குடிலன் கண்டுபிடித்துச் சேரனிடம் காட்டிக்கொடுக்கப் போக, சேரன் அவனையே விலங்கிட்டு அதே வழியாக நள்ளிரவு மணப்பந்தலுக்கு வந்து நிற்கிறான். தந்தை சொல்லுக்கு இணங்கிப் பலதேவனுக்கு மாலையிட இருந்த மனோன்மணி, தான் கனவில் கண்ட முகம் எதிரே நிற்பதைக் காண்கிறாள்.

இந்தக் கதையை முதலில் தாங்களோ அவன் ஆசிரியரோ வாய்மொழியாகச் சொல்லிவிடுங்கள். பிறகு வீட்டில் இரண்டு பேர் அமர்ந்து, குடிலன் மன்னன் முன்னால் பேசும் ஒரு பகுதியையும், அவன் தனியே இருக்கும்போது பேசும் ஒரு பகுதியையும் அடுத்தடுத்து உரக்கப் படியுங்கள். அவையில் குழைகிற அதே குரல் தனிமையில் கணக்குப் போடுவதைக் காதால் கேட்கும்போது, அகவல் அடிகள் தாமாகவே பேச்சாக மாறிவிடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1891-இல் இந்நூலை வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர். மேடையைவிடப் படிப்பவரை எண்ணியே எழுதினார். எனவே நீண்ட தனிமொழிகள் உண்டு. நடராசன் புல்லையும் வாய்க்கால் நீரையும் நாங்கூழ்ப் புழுவையும் பார்த்துப் பேசும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது; மண்ணைக் குழைத்துப் பயிருக்கு உதவும் ஒரு புழுவை இவ்வளவு மரியாதையோடு பார்த்த வரிகள் தமிழில் குறைவு. ஆயினும் கதைக்குள் இன்னும் நுழையாத பிள்ளைக்கு அதை முதலில் நீட்டுவது முறையன்று. இப்போதைக்கு அத்தகைய பக்கங்களை அவன் தாண்டிச் சென்றால் தாண்டட்டும்.

கேள்வி: பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தின் கதைச் சுருக்கத்தோடு மூலத்தின் முதற்காட்சியையும் வகுப்பில் நடிக்கச் செய்ய விரும்புகிறேன். ஆனால் அது புயலில் கப்பல் மூழ்கும் காட்சி. என் மாணவர்களில் கடலில் உறவினரை இழந்த குடும்பத்துப் பிள்ளைகளும் உள்ளனர். தவிர்த்துவிடலாமா?
– ஓர் ஆசிரியை, பாம்பன்

பதில்: தவிர்க்க வேண்டாம், ஆனால் தங்கள் தயக்கத்தைக் கைவிடவும் வேண்டாம், அது சரியான தயக்கம். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். எனவே நடிப்பதற்கு முன்பே, இந்தப் புயலில் ஒருவர்கூட இறப்பதில்லை என்பதைச் சொல்லிவிடுங்கள். நாடகமே அடுத்த காட்சியில் அதைத்தான் சொல்கிறது: மூழ்கும் கப்பலைத் தீவின் கரையிலிருந்து பார்த்துப் பதறும் மிராண்டாவிடம், யாருக்கும் ஒரு மயிரிழைகூடக் கேடு வரவில்லை என்று, தன் மந்திரத்தால் அந்தப் புயலை எழுப்பிய தந்தை பிராஸ்பரோ உறுதி கூறுகிறார். தீவுக்கு வரும்போது மூன்று வயது நிரம்பாத அவள் அங்கே பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்திருக்கிறாள். ஏறத்தாழத் தங்கள் மாணவியரின் வயதுதான். மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் அதற்குப் பின் வருகிறது. உன் தந்தை ஆழ்கடலில் கிடக்கிறார் என்று, பிராஸ்பரோவின் ஏவலாவியான ஏரியல், கப்பலிலிருந்து கரைசேர்ந்த இளவரசனுக்குப் பாடும் பாட்டு பொய்யான செய்தியைச் சொல்வதுதான் என்றாலும், கேட்கும் பிள்ளைக்கு அது சுடக்கூடும். அந்த நேரத்தில் வெளியே சென்று அமர விரும்புபவரைக் காரணம் கேட்காமல் அனுப்பிவிடுங்கள். புயலைப் பற்றி உன் குடும்பத்தின் அனுபவத்தை எழுதி வா என்ற பயிற்சி மட்டும் வேண்டவே வேண்டாம்.

முதற்காட்சியில் தங்கள் மாணவர்களுக்கு இருக்கும் உரிமை வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் எளிதில் வாய்க்காது. மன்னனும் பிரபுக்களும் மேல்தளத்துக்கு வந்து தொல்லை கொடுக்க, வேலை செய்பவர்களை ஏவிக்கொண்டிருக்கும் மாலுமித் தலைவன், நீங்கள் புயலுக்குத்தான் உதவி செய்கிறீர்கள், கீழே போங்கள் என்று அதட்டுகிறான். கப்பலில் யார் இருக்கிறார் என்பதை மறக்காதே என்று முதிய கொன்சாலோ நினைவூட்டும்போது, என் உயிரைவிட நான் அதிகம் நேசிப்பவர் இங்கு எவருமில்லை, உங்களுக்கு அதிகாரம் இருந்தால் இந்தக் காற்றை அடக்கிக் காட்டுங்கள் என்று பதில் கூறுகிறான். கரையில் பெரிய மனிதர் கடலில் யார் சொல்லைக் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை. மேற்பாயை இறக்கு, கரையை விட்டு விலக்கு என்று அவன் இடும் கட்டளைகளைத் தங்கள் வீட்டுப் படகுகளில் எப்படிச் சொல்வார்கள் என்று மாணவர்களிடமே கேளுங்கள். கச்சான், வாடை, கொண்டல் என்று காற்றின் பெயர் தெரிந்தவர்கள் அவர்கள். தொண்டிப் பக்கத்துப் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்த பையன் ஒருவன் இருந்தால், காட்சியை இயக்கும் பொறுப்பை அவனிடமே கொடுத்துவிடலாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளி விடுமுறையும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. தகப்பன்மார் ஊரில் இருக்கும் அந்த நாள்களில் ஒரு மாலை நடத்த முடிந்தால், கட்டளைகளின் தொனியைத் திருத்திக் கொடுக்க ஆள் குறையாது.

கேள்வி: மூல நாடகத்தைப் படிப்பதற்கு முன் நோட்ஸில் கதையைப் படித்துவிடுகிறேன். இது தவறா? அடுத்து எதைப் படிக்கலாம்?
– ஒரு மாணவி, தொண்டி

பதில்: தவறே இல்லை. முருகன் வள்ளியை மணப்பான் என்பதை அறியாமல் எவரும் திருவிழா நாடகத்துக்கு வருவதில்லை. நோட்ஸோடு நிறுத்திவிடாதே என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

அடுத்து, மேடைக்காகவே எழுதிய பம்மல் சம்பந்த முதலியாரிடம் போ. அவருடைய ‘மனோகரா’ 1895-இல் எழுதப்பட்டது; ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தையும் ‘வாணீபுர வணிகன்’ என்று தமிழ் மேடைக்கு ஏற்ப அமைத்தார். முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் நீதிமன்றக் காட்சியைத் தோழியரோடு சேர்ந்து படித்துப் பார். கடனுக்கு ஈடாக ஒரு பவுண்டு சதையைக் கேட்பவனிடம், சதையை எடுத்துக்கொள், ஆனால் ஒரு சொட்டு இரத்தமும் சிந்தக் கூடாது என்று ஆண் வேடமிட்டு வந்த பெண் வாதாடும் காட்சி அது. எல்லாரும் அவளுடைய வேடத்துக்கே போட்டியிடுவார்கள். உங்களில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவளுக்குக் கடன் கொடுத்த ஷைலாக்கின் வேடத்தைக் கொடுங்கள். யூதன் என்பதற்காகவே பலரால் துப்பப்பட்டு, இகழப்பட்டு அந்த மன்றத்துக்கு வந்தவன் அவன், அவனுடைய கோபத்தின் நியாயம் கேட்பவர்களுக்குப் புரிய வேண்டும்.