நலிந்த தெருக்களும் அரசின் பணமும்

கேள்வி: நகரங்களின் நடுவே நலிந்து கிடக்கும் பகுதிகளை மீட்க அரசுகள் பெருந்தொகை செலவிடுகின்றன. பிரிட்டனில் இதைப் பல ஆண்டுகளாகச் செய்து பார்த்திருக்கிறார்களாமே? அங்கேயே வாழ்ந்த ஏழைகளுக்கு அதனால் பயன் கிடைத்ததா?

பதில்: நிலத்துக்குக் கிடைத்த பயன், அந்த நிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதே அளவில் கிடைக்கவில்லை என்றே சொல்வேன். துறைமுகங்களும் ஆலைகளும் மூடப்பட்ட பின், போக்கிடம் உள்ளவர்கள் போய்விட, மற்றவர்கள் மட்டும் தங்கிவிட்ட பகுதிகளுக்கென அங்கே 1968-லேயே உதவித் திட்டம் தொடங்கியது. 1978-இல் தனிச் சட்டமும் வந்தது.

1981-இல் மார்கரெட் தாட்சர் அரசு, லண்டனின் பழைய கப்பல்துறைக்கும் லிவர்பூலின் மெர்சி ஆற்றங்கரைக்கும் வளர்ச்சிக் கழகங்களை அமைத்தது. லண்டனில் கட்டட அனுமதி வழங்கும் அதிகாரமே உள்ளூர் மன்றங்களின் கையிலிருந்து கழகத்துக்கு மாறியது. அங்கே அறிவிக்கப்பட்ட தொழில் மண்டலத்தில் இடம் பிடித்த நிறுவனங்களுக்குப் பத்தாண்டுகள் சொத்துவரி விலக்கும் கிடைத்தது. பாழ்நிலம் சீரானது, கேனரி வார்ஃப் என்ற வங்கி அலுவலக வளாகத்தின் கோபுரங்கள் எழுந்தன. ஆனால், வாழ்நாளெல்லாம் கப்பல் சரக்கு இறக்கிய தொழிலாளிக்கு அந்த வங்கி அலுவலகங்களில் என்ன வேலை இருந்திருக்கும்? இந்தக் கேள்வியைத் திட்டம் தீட்டும்போதே கேட்டிருக்க வேண்டும்.

1998-இல் டோனி பிளேர் அரசு அறிவித்த திட்டம் இதைவிட நியாயமானது என்பேன். 39 பகுதிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் பத்தாண்டுகளில் சுமார் 5 கோடி பவுண்டு ஒதுக்கி, செலவை முடிவு செய்யும் குழுக்களில் அங்கு வசிப்பவர்களையும் அமர்த்தினார்கள். குற்றம் பற்றிய அச்சம் தணிந்தது, தங்கள் பகுதியைப் பற்றிய மனநிறைவு கூடியது; வேலைவாய்ப்பில் மட்டும் அவ்வளவு மாற்றம் தெரியவில்லை.

வீடுகளை வாங்க ஆளில்லாமல் போன ஒன்பது பகுதிகளில், பழைய வீடுகளை இடித்தும் சீரமைத்தும் அவற்றுக்கு மீண்டும் மதிப்பு கூட்ட அதே அரசு 2002-இல் தொடங்கிய வீட்டுச் சந்தைப் புதுப்பிப்புத் திட்டத்தை என்னால் ஏற்க முடியவில்லை. புதுப்பித்தல் என்ற பெயரில் குடியிருக்கத் தகுந்த வீடுகளும் இடிபட்டன. 1981-இல் கலவரம் மூண்ட லிவர்பூல் டாக்ஸ்டெத்தில் உள்ள கிரான்பி தெருக்களை எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகளாக இடிப்புத் திட்டங்களின் நிழலிலேயே கிடந்த அத்தெருக்களில் எஞ்சியிருந்த சில குடும்பத்தினர், பூட்டிக் கிடந்த வீடுகளின் பலகையடித்த சன்னல்களுக்கு வண்ணம் பூசினார்கள், வாசல்களில் பூச்செடி வைத்தார்கள், மாதச் சந்தையும் நடத்தினார்கள். 2011-இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டதும், அவர்களே சமூக நில அறக்கட்டளை ஒன்றை, அதாவது நிலத்தையும் வீடுகளையும் ஊராரின் பொதுச் சொத்தாக வைத்து நடத்தும் அமைப்பை, உருவாக்கி, பத்து வீடுகளை மாநகர மன்றத்திடமிருந்து பெற்று, அசெம்பிள் என்ற வடிவமைப்புக் குழுவின் துணையுடன் புதுப்பித்தார்கள். அவ்வீடுகளின் கணப்படுப்பைச் சுற்றியுள்ள முகப்புச் சட்டங்கள், இடிபாட்டுச் செங்கல் துண்டுகளை அரைத்துச் சேர்த்து வார்க்கப்பட்டவை.