வேலையை விட்டுவிட்டுக் குழந்தைக்காக வீட்டில் இருக்கிறேன், மூன்று மாதமாகியும் மனம் பழகவில்லை. நீங்கள் எப்படிப் பழகினீர்கள்?

எனக்கு ஒன்பது மாதம் பிடித்தது. அதனால் மூன்று மாதத்தில் பழகவில்லையே என்று உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். மகளுக்கு இப்போது நான்கு வயது.

பதினோரு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். மாதக் கடைசியில் எத்தனை இழுபறி இருந்தாலும், கணக்கு நேராகிக் கையெழுத்திட்டுவிட்டால் அந்த மாதம் முடிந்தது. வீட்டில் எதுவுமே முடிவதில்லை. காலையில் மடித்து வைத்த துணி மாலைக்குள் அழுக்குக் கூடையில் கிடக்கும். தூக்கமின்மையைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இரவு படுக்கும்போது "இன்றைக்கு என்ன செய்தோம்?" என்று மனம் கேட்கும் கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு நாள் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பிறந்த குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி நேரம் என்றாலே 4 முதல் 6 மணி நேரம் அதற்கே போய்விடுகிறது. ஏப்பம் விட வைப்பதும் துணி மாற்றுவதும் இதில் சேரவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், 64 நாடுகளின் தரவின்படி ஊதியமில்லாப் பராமரிப்பு வேலைக்கு நாளொன்றுக்கு 1,640 கோடி மணி நேரம் செலவாகிறது என்று இருந்தது. அதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெண்களுடையது. எந்த நாட்டின் உற்பத்திக் கணக்கிலும் ஏறாத உழைப்பு! கணக்கு எழுதியே வாழ்ந்தவளுக்கு அந்த எண் பெரிய ஆறுதலாக இருந்தது. "வீட்டில் சும்மாதானே இருக்கிறாய்" என்பவர்களுக்குப் பதில் சொல்வதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அடுத்தது பணம். கணவர் ஒருபோதும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் கேட்கும்போதெல்லாம் எதற்காக என்று நானாகவே விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அந்தக் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஐந்தாவது மாதம் இருவரும் உட்கார்ந்து பேசினோம். வீட்டுச் செலவுக்குக் கூட்டுக் கணக்கு; அது போக இருவருக்கும் சமமாக ஒரு தொகை, அதற்கு யாரும் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம்; என் பெயரிலான சேமிப்பும் நிற்கக் கூடாது. நாங்கள் தாமதமாகச் செய்தோம். நீங்கள் இந்த மாதமே பேசிவிடுங்கள்.

மானுடவியலாளர் டானா ராஃபேல் 1973இல், பெண் தாயாக மாறும் காலத்துக்கு 'மேட்ரசென்ஸ்' என்று பெயர் வைத்தார். வளரிளம் பருவத்துக்கான ஆங்கிலச் சொல்லின் சாயலில் அமைந்த சொல் அது. பதின்வயதில் எவ்வளவு தடுமாறினோம் என்று நினைத்துப் பார்த்தபோது, இந்தத் தடுமாற்றமும் எனக்கு இயல்பாகப் பட்டது.

ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பின் சில நாள் காரணமில்லாமல் அழுகை வரும், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால், குழந்தை உறங்கும்போதும் உங்களுக்கு உறக்கம் வராவிட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் போனால், தயவுசெய்து மருத்துவரிடம் செல்லுங்கள். பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். அது சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால் அன்றே செல்லுங்கள்.

என்னை மீட்டது மாலையில் ஒரு மணி நேரம். கணவர் வந்து கைகழுவியதும் குழந்தை அவர் பொறுப்பு, நான் வெளியே போய்விடுவேன். முதல் வாரம் கதவுக்கு வெளியிலேயே நின்று அழுகுரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கோணலாக உடுத்திவிடுவார், திருத்தாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொள்வேன். எட்டாவது மாதம் பிரிவுப் பதற்றம் வந்து, என்னைக் கண்ணால் தேடித் தேடி அவள் அழுதபோது விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடவில்லை. இப்போது அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் என் கைப்பையை அவளே தூக்கிக்கொண்டு வந்து நீட்டுகிறாள்.